கோவிந்தின் ரத்தம், மாலதியின் ரத்தம்

வேலையிலிருந்து ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்த பிறகும் லேப் என்னை விட்டபாடில்லை. திருப்பதி ஆஸ்பத்திரியில் என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் ரேகா, ஒரு சந்தேகம் வந்தால் டாக்டரைக் கேட்பதற்கு முன்னால் எனக்குத்தான் போன் போடுவாள். போன வாரம் நான் புளிக்குழம்பு தாளித்துக்கொண்டிருக்கும்போது கூப்பிட்டாள்.

"அக்கா, ஒரு லேடி பேஷண்ட். எம்.சி.வி. நூறத் தாண்டிப் போய்ட்சி. மெஷின் ஸ்டார் போட்டுக் காட்டுது. ஆளப் பாத்தா நல்லாதான் கீறாங்க. சாம்பிள் மாறிப் போச்சோன்னு பயமா கீது. இன்னொரு வாட்டி ரத்தம் எடுக்கட்டுமா?"

"ஊசியக் கீழ வை. மொதல்ல வாயத் தொறந்து கேளு. இன்னா மருந்து துன்றாங்கன்னு கேளு" என்றேன்.

கேட்டுவிட்டுக் கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டாள். எம்.சி.வி. என்பது ரத்தத்தில் ஒரு சிவப்பணு சராசரியாக எவ்வளவு பருமன் என்று சொல்லும் எண். அந்த எண் ஏறினால் வைட்டமின் குறைவா, குடியா, ஈரலில் கோளாறா என்று டாக்டர்கள் தேடுவார்கள். நானும் எங்கள் லேப் மேடமும் ஒரு காலத்தில் அந்த எண் ஏறுவதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டோம். ஒரு நாள் அதே எண் எங்கள் இரண்டு பேரையும் முட்டாளாக்கவும் செய்தது. ரேகா திரும்பக் கூப்பிடுவதற்குள் அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

நான் நகரிக்காரி, ஆந்திராவில் தமிழ் பேசும் ஊர். எங்கள் வீட்டில் பவர்லூம் ஓடும். அந்த வீட்டில் சத்தம் போட்டுக் கேட்டால்தான் சாதமே தட்டில் விழும். அந்தக் குரலோடுதான் லேப் டெக்னீஷியன் படிக்கச் சித்தூர் போனேன். படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. வலிக்காமல் குத்தக் கற்றேன், ஸ்லைடு கழுவக் கற்றேன், தெலுங்கில் திட்டு வாங்கக் கற்றேன். சித்தூரில் சில வருடம் மலேரியா ஸ்லைடு பார்த்துக் கண் பூத்துப்போன பிறகு திருப்பதிக்கு மாற்றல் வந்தது. அங்கேதான் ராஜேஸ்வரி மேடம் இருந்தார்.

மேடம் பேத்தாலஜி டாக்டர், லேபுக்குத் தலைமை. தெலுங்குக்காரர், தமிழ் புரியும், பேசினால் இரண்டும் கலந்து வரும். மைக்ராஸ்கோப்பில் உட்காரும் முன் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசை டிராயருக்குள் போடுவார். மணி பார்த்துக்கொண்டு ரத்தம் பார்க்கக் கூடாது என்பது அவர் கட்சி. வளையல்களை முழங்கைப் பக்கம் ஏற்றிவிடுவார். பிறகு அரை மணி நேரம் கூரை இடிந்து விழுந்தாலும் தலை நிமிராது. அவர் யாரையும் சத்தம் போட்டுத் திட்டி நான் பார்த்ததில்லை. லேபில் தப்பு நடந்தால் மூன்றே கேள்வி கேட்பார்.

"எவரு குச்சாரு? எவரு ராசாரு? எவரு சூசாரு?"

யார் குத்தியது, யார் பெயர் எழுதியது, யார் பார்த்தது. இந்த மூன்றுக்கும் பதில் சொல்லி முடிப்பதற்குள் தப்புச் செய்தவர் தானாகவே அழுதுவிடுவார். திட்டியிருந்தால் தேவலை என்று தோன்றும்.

அந்தச் சமயத்தில் பேப்பரைத் திறந்தால் தாராளமயம், தாராளமயம் என்றுதான் எழுதியிருந்தது. எங்களுக்கு அது இரண்டு உருவத்தில் வந்து சேர்ந்தது. ஒன்று, ரத்த அணுக்களைத் தானே எண்ணும் வெளிநாட்டு மெஷின். சென்னையிலிருந்து டை கட்டிய என்ஜினீயர் ஒருவர் வந்து, குழந்தையைத் தொட்டிலில் போடுவதுபோல் அதை மேசையில் வைத்துவிட்டுப் போனார். ஆயுத பூஜைக்கு நாங்கள் அதற்குச் சந்தனம், குங்குமம், கதம்பம் எல்லாம் வைத்தோம். அடுத்த முறை வந்தவர் பட்டன் சந்துக்குள் குங்குமத்தைப் பார்த்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

இன்னொன்று, எங்கள் ஜில்லாவில் சாந்திபுரம் பக்கம் திறந்த கிரானைட் குவாரிகள். எங்கள் ஊர்க் கல் கப்பலேறி எந்தெந்த நாட்டிலோ தரையாகப் போனது. அதை வெட்ட ஒரிசாவிலிருந்து ஆட்கள் வந்தார்கள். அப்படி வந்தவர்களில் ஒருவர் தசரத். பெண்டாட்டி பிள்ளைகளோடு வந்து குவாரி ஓரம் குடிசை போட்டவர், அங்கேயே தங்கிவிட்டார். மகன் கோவிந்தும் மகள் மாலதியும் வீட்டில் ஒரியா, கடையில் தெலுங்கு, தெருவில் நம் தமிழ் என்று வளர்ந்தார்கள். அந்தப் பிள்ளைகள் வாயைத் திறந்தால் ஒரிசா என்று யாரும் சொல்ல முடியாது. நைனா, துன்னு, போய்க்கினு என்று எங்கள் நகரியையே தோற்கடித்துவிடுவார்கள்.

கோவிந்துக்கு மீசை முளைத்து அவனும் கல்லுக்குப் போகத் தொடங்கியதும் வலி வந்தது. சின்ன வயதிலேயே அவ்வப்போது வந்ததுதான், இப்போது ஆளையே சுருட்டிப் போட்டது. வெயிலில் தண்ணீர் குடிக்காமல் ஒரு பகல் டிரில்லிங் பிடித்தால் சாயங்காலம் தரையில் புரளுவான். மேஸ்திரி அவன் கள்ளுக் குடித்திருக்கிறான் என்று முடிவு செய்துவிட்டார். சித்தூர் ஆஸ்பத்திரியில் ரத்தம் குறைவு, கண் மஞ்சள் என்று பார்த்துவிட்டு எங்களிடம் அனுப்பினார்கள்.

நான்தான் அவனுக்கு ஊசி குத்தினேன். "எங்கடா வலிக்குது?" என்று கேட்டேன்.

"எங்கன்னு சொல்றது மேடம். எலும்புக்குள்ள யாரோ கடப்பாற போட்டு நெம்பிக்கினு கீறாங்க."

ஒரு சொட்டு ரத்தத்தை ஸ்லைடின் ஓரத்தில் வைத்து, இன்னொரு ஸ்லைடைச் சாய்த்துப் பிடித்து, ஒரே தள்ளாகத் தள்ளினால் நாக்கு மாதிரி ஒரு மெல்லிய படலம் வரும். பாதியில் கை நின்றால் வரி விழும், பயந்து அழுத்தினால் அணுக்கள் நசுங்கும். தோசை வார்ப்பவளுக்கு இது சீக்கிரம் வந்துவிடும். காயவைத்து, லீஷ்மன் சாயம் ஊற்றி, கழுவி, துடைத்து, லென்ஸுக்குக் கீழே வைத்தேன்.

நல்ல சிவப்பணு, நடுவில் அமுக்கிய உளுந்து வடை மாதிரி வட்டமாக இருக்கும். கோவிந்தின் படலத்தில் வட்டங்களுக்கு நடுவே சில அணுக்கள் இரண்டு முனையும் கூராக, வளைந்து, கதிர் அறுக்கும் அரிவாளைப்போல் கிடந்தன. அதுவரை நான் அவற்றைப் புத்தகத்தில் படமாகத்தான் பார்த்திருந்தேன். எழுந்து மேடத்துக்கு இடம் விட்டேன். அவர் கடிகாரத்தைக் கழற்றினார்.

நிமிர்ந்தபோது அவர் முகம் பண்டிகை முகமாக இருந்தது. அதற்காக அவர் பிறகு வெட்கப்பட்டார். நோய்க்காரனுக்கு நோவு, நமக்குப் புதுச் சரக்கு என்று எங்கள் தொழிலில் ஒரு பாவம் உண்டு.

உறுதி செய்ய ஒரு சோதனை இருக்கிறது. ஒரு சொட்டு ரத்தத்தோடு ஆக்சிஜனை உறிஞ்சிவிடும் ஒரு திரவத்தைக் கலந்து, மேலே மெல்லிய கண்ணாடித் துண்டை மூடி, காற்றுப் புகாமல் ஓரத்தை அடைக்க வேண்டும். அடைத்துவிட்டுக் காத்திருந்தால், மூச்சுக் கிடைக்காத அணுக்கள் தங்கள் குணத்தைக் காட்டும். நல்ல அணு வட்டமாகவே கிடக்கும், இந்த நோய் உள்ள அணு வளைந்து அரிவாளாகும். ஓரத்தை அடைக்க நெயில் பாலிஷைப்போல வசதியான பொருள் வேறில்லை. மேடம் கடைத்தெருவில் ரத்தச் சிவப்பில் ஒரு குப்பி வாங்கி வந்து லேபில் வைத்தார். சாமான் கணக்குப் பார்க்க வந்த குமாஸ்தா அதைத் தூக்கிப் பிடித்து, "லேப்ல யாருக்கும்மா கல்யாணம்?" என்று கேட்டார்.

அந்தச் சோதனையும், வெளியூருக்கு அனுப்பிச் செய்த இன்னொரு சோதனையும் ஒன்றையே சொல்லின. சிக்கிள் செல் நோய். அப்பா அம்மா இருவரிடமிருந்தும் அந்தக் குணம் வந்து சேர்ந்தால்தான் நோயாக முற்றும். வளைந்த அணுக்கள் சிறு ரத்தக் குழாய்களில் சிக்கி அடைத்துக்கொள்ளும், அதுதான் அந்தக் கடப்பாறை வலி. மேடம் கோவிந்தை உள்ளே கூப்பிட்டு மைக்ராஸ்கோப்பைக் காட்டினார். அவன் வெகுநேரம் பார்த்தான்.

"கல்லு செதுக்கறப்போ செதறுற சில்லு மாரியே கீது மேடம். இதா எனக்குள்ள ஓடுது?"

அதைவிட நன்றாக எந்தப் புத்தகமும் சொல்லவில்லை.

வைத்தியம் பார்த்தது மோகன் டாக்டர். நடந்தால் ஓடுவார், பேசினால் பாதி வாக்கியத்தை வராண்டாவில் விட்டுவிட்டுப் போய்விடுவார். ஹைட்ராக்சியூரியா என்று ஒரு மருந்து, எங்கள் ஆஸ்பத்திரியில் அதை ரத்தப் புற்றுநோய்க்காரர்களுக்குத்தான் கொடுத்துக்கொண்டிருந்தோம். சிக்கிள் செல்லுக்கும் அது உதவுகிறது என்று அவர் படித்திருந்தார். பிறந்த குழந்தையின் ரத்தத்தில் வேறு ஒரு வகை ஹீமோகுளோபின் இருக்கும். அது ஒன்றோடொன்று ஒட்டி அணுவை வளைக்காது. வளர வளர உடம்பு அதைச் செய்வதை மறந்துவிடுகிறது. இந்த மருந்து எலும்பு மஜ்ஜைக்கு அந்தப் பழைய ஞாபகத்தைக் கிளப்பிவிடும். அப்போது அணு பெரிதாகும், ஈரம் பிடிக்கும், எளிதில் வளையாது. ஆனால் இதே மருந்து வெள்ளை அணுக்களையும் குறைக்கும். கண்காணிக்காமல் விட்டால் சாதாரணக் காய்ச்சல்கூட ஆளை அடித்துவிடும். அதனால் தவறாமல் ரத்தம் பார்க்க வேண்டும் என்றார் மோகன் டாக்டர்.

ஸ்டோரில் சரக்கு கொஞ்சம்தான். புற்றுநோய்க்காரர்களுக்கு வைத்ததிலிருந்து கெஞ்சிக் கூத்தாடி கோவிந்த் பெயரில் மாதாமாதம் ஒரு பங்கு வாங்கினார். வீட்டில் வேறு யாருக்காவது இப்படி வலி உண்டா என்று அன்றே கேட்டார். "தங்கச்சி ஒண்ணு கீது சார். அது நல்லா கீது" என்று கோவிந்த் சொல்லிவிட்டான்.

பிறகு வந்த மாதங்கள் எனக்கும் மேடத்துக்கும் திருவிழா. ஒவ்வொரு தடவை கோவிந்த் வரும்போதும் எம்.சி.வி. கொஞ்சம் ஏறியிருக்கும். ஸ்லைடில் அரிவாள்கள் அறவே போகவில்லை, ஆனால் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. வட்டங்கள் கொழுத்துப் பளபளத்தன. வெள்ளை அணுக்களும் அடங்கி ஒடுங்கி நல்லபடி இருந்தன. நகங்களில் மட்டும் கருப்பாகக் கோடு விழுந்தது. அதுவும் இந்த மருந்தின் வேலைதான், பயமில்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார். வலி வராமல் ஒரு வெயில் காலத்தையே கடந்துவிட்டான் பையன். "மேடம், மேஸ்திரி இப்ப என்னப் பாத்து, குடிய உட்டுட்டியாடான்னு கேக்கறாரு" என்று சிரித்தான்.

அதற்கப்புறம் எண் இறங்கத் தொடங்கியது. முதலில் மெஷின் மேல் சந்தேகப்பட்டோம். மெஷின் யோக்கியமாகத்தான் இருந்தது. ஸ்லைடில் சில்லுகள் திரும்பி வந்தன. கோவிந்த் கன்னம் ஒட்டி வந்தான். ஒரு தடவை வார்டிலேயே படுக்க வேண்டிவந்தது.

"மாத்திரை ஒழுங்கா சாப்பிடறியா?" என்று மோகன் டாக்டர் கேட்டார்.

"தெனமும் துன்றேன் சார்" என்று தரையைப் பார்த்துச் சொன்னான்.

மோகன் டாக்டர் லேபுக்கு வந்து மேடத்திடம் பேசினார். சிலருக்கு இந்த மருந்து கேட்பதில்லை, இவனுக்கு முதலில் கேட்டுப் பிறகு நின்றுவிட்டது போலிருக்கிறது, கேட்காத ஒருவனுக்குக் கொடுத்துக்கொண்டு இன்னொரு நோயாளியை வெறுங்கையோடு அனுப்ப முடியாது, இந்த முறை ரத்தம் பார்த்து லேப் என்ன சொல்கிறதோ அதை வைத்து நிறுத்திவிடப் போகிறேன் என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் மருந்து நின்றால் அந்தப் பையன் மறுபடி தரையில் புரள வேண்டியதுதான். நிறுத்துவதற்கு முன் குடும்பம் முழுக்க ஒருமுறை பார்த்துவிடலாம் என்று டாக்டர் தசரத்துக்குச் சொல்லி அனுப்பினார்.

அப்படித்தான் மாலதி லேபுக்குள் வந்தாள். ஒல்லியாக, கண்ணில் துடுக்கோடு இருந்தாள். விரலெல்லாம் பளீரென்று நெயில் பாலிஷ். தடா பக்கம் செருப்புக் கம்பெனி ஒன்று பெண்களை வேலைக்கு எடுக்கிறது, அடுத்த மாதம் நேரில் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று நான் கேட்காமலே சொன்னாள். கோவிந்த் வாசலில் நின்றுகொண்டு, "அதுக்கு எதுக்கு மேடம் டெஸ்ட்டு, அது நல்லாத்தான் கீது" என்று அன்றைக்கு நாலைந்து தடவை சொல்லியிருப்பான். ஊசிக்குப் பயப்படுகிற அண்ணன்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். தங்கை கையில் குத்தும்போது இவர்கள் கண்ணை மூடிக்கொள்வார்கள். அந்த ரகம் என்று நினைத்துக்கொண்டேன்.

இருவர் ரத்தத்தையும் நானே எடுத்தேன். சின்னச் சின்னக் குப்பிகளில் பிடித்து, பிளாஸ்திரியில் பெயர் எழுதி ஒட்டி, மெஷினில் கொடுத்தேன். மாதக் கணக்கில் மருந்து சாப்பிடும் கோவிந்துக்கு எம்.சி.வி. ஒரு சாதாரண எண்ணில் நின்றது. எந்த மருந்தும் சாப்பிடாத மாலதிக்கு நூறைத் தாண்டி, பக்கத்தில் ஸ்டார்.

இதற்கு எங்கள் தொழிலில் ஒரே அர்த்தம்தான் உண்டு. குப்பி மாறிவிட்டது. அண்ணன் பெயரைத் தங்கை குப்பியிலும் தங்கை பெயரை அண்ணன் குப்பியிலும் ஒட்டியாயிற்று. மேடம் தாளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"எவரு குச்சாரு?"

"நான்தான் மேடம்."

"எவரு ராசாரு?"

"நான்தான்."

"எவரு சூசாரு?"

"அதுவும் நான்தான் மேடம்."

மேடம் மறுபடி எடு என்று கையால் காட்டினார். இந்தத் தடவை அவரே பக்கத்தில் நின்றார். கோவிந்தைக் கூப்பிட்டு எடுத்து, பெயர் எழுதி, மெஷினில் கொடுத்து, தாள் வந்த பிறகுதான் மாலதியை உள்ளே விட்டோம். கோயில் உண்டியல் எண்ணுகிறவர்கள்கூட அவ்வளவு காவலோடு எண்ண மாட்டார்கள். அதே இரண்டு எண்கள் திரும்ப வந்தன. அப்புறம் மாலதியின் விரலில் குத்தி ஒரு சொட்டு எடுத்து, கண்ணாடி மூடி, சிவப்பு பாலிஷால் ஓரத்தை அடைத்தோம்.

"ஐய, இங்கியும் இது கீதா?" என்று மாலதி குப்பியைப் பார்த்துச் சிரித்தாள். "நான் போட்டுக்கினு கீறதும் இதே கலருதான்."

அவள் கையை நீட்டி ஒப்பிட்டுக் காட்டியபோது கட்டைவிரலில் பாலிஷ் கொஞ்சம் பெயர்ந்திருந்தது. பெயர்ந்த இடத்தில் கருப்பாக ஒரு கோடு. மேடம் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார், விடவில்லை. நான் சாய அலமாரியிலிருந்து பாலிஷைக் கரைக்கும் அசிட்டோனை எடுத்து வந்தேன்.

"கழுவிடுவீங்களா மேடம்? கோடு கோடா அசிங்கமா கீதுன்னுதான் போட்டேன். கம்பெனிக்காரங்க பாத்தா இன்னா நெனப்பாங்க" என்றாள். பத்து நகத்திலும் கோடு.

மேடம் கோவிந்தை உள்ளே கூப்பிட்டு அவன் கையை அவள் கைக்குப் பக்கத்தில் வைத்தார். அவன் நகங்களில் கருப்பு நுனிக்குத் தள்ளிப்போயிருந்தது. அடியிலிருந்து வளர்ந்த நகம் சுத்தமாக வெளுத்திருந்தது. மருந்து எப்போது ஒரு கையை விட்டு இன்னொரு கைக்குப் போனது என்று இருபது நகங்களும் சொல்லிக்கொண்டிருந்தன.

"ஏம்மா, நீ என்ன மாத்திரை சாப்பிடறே?" என்று மேடம் கேட்டார்.

"சத்து மாத்திர மேடம். எனக்கும் வலி வரும், ஊட்ல சொல்லமாட்டேன். இவனுக்கு மட்டும் தெரியும். டாக்டர் உனக்கும் சேத்துக் குடுத்தாருன்னு கொண்டாந்து குடுத்தான். துன்னதுல இருந்து வலியே இல்ல." சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நிறுத்தி அண்ணனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் ஒட்டிய கன்னத்தைப் பார்த்தாள். "டேய். ரெண்டு பேருக்கும் குடுத்தாங்கன்னு சொன்னியே. அப்ப நீ இன்னாடா துன்னே?"

கோவிந்த் கையை இழுத்து முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டான்.

"சொல்றா எரும."

"நீ கம்பெனிக்குப் போவணும் இல்ல" என்றான் கோவிந்த். "அங்க டெஸ்ட்டு கிஸ்ட்டு எடுத்தா, ஒடம்பு சொகமில்லன்னு தள்ளிடுவாங்க. எனக்கு வலி பழக்கம்." பிறகு மேடத்தைப் பார்த்து, அதுதான் பெரிய நியாயம் என்பதுபோல, "சாமி லட்ட ஒருத்தனே துன்னா பலிக்குமா மேடம்? எங்க ஊட்ல எது வந்தாலும் பங்குதான்" என்றான்.

திருப்பதியில் யாரும் மறுக்க முடியாத பேச்சு அது. இந்த ஊரில் ஒரு லட்டை வாங்கினால் எதிர் சீட்டில் உட்கார்ந்திருப்பவருக்கும் பிட்டுக் கொடுத்துவிட்டுத்தான் பஸ்ஸே கிளம்பும். ஆனால் மாலதி விடவில்லை. கையிலிருந்த பையால் அவன் முதுகில் ஒன்று வைத்தாள்.

"பங்குன்னா பாதிடா. நீ முழுசயும் குடுத்துட்டியே."

அடித்துவிட்டு அவளே அழுதாள். நான் குப்பி கழுவுகிற சாக்கில் திரும்பிக்கொண்டேன். எத்தனையோ பேர் ரத்தத்தைப் பார்த்த எனக்கு, ரத்த பாசம் என்று சொல்வது இதைத்தான் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

மோகன் டாக்டர் வழக்கம்போல் ஓடிக்கொண்டே உள்ளே வந்து, "என்ன மேடம், மருந்து வேலை செய்யலைதானே?" என்றார். அதற்குள் நான் மாலதியின் சொட்டையும் பார்த்திருந்தேன். அணுக்கள் மெதுவாகத்தான் வளைந்தன, ஆனால் வளைந்தன. அவளுக்கும் அதே நோய். மேடம் இரண்டு தாள்களையும் எடுத்து டாக்டர் கையில் கொடுத்தார்.

"மந்து பாக பனி சேஸ்தோந்தி டாக்டர். வேரே நோட்லோ" என்றார். மருந்து நன்றாகத்தான் வேலை செய்கிறது, வேறு வாயில்.

விஷயம் புரிந்ததும் டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் எங்கள் லேபில் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றுதான். முதலில் சிரித்தார். பிறகு வந்த கோபம் நிஜமான கோபம். "காய்ச்சல் வந்திருந்தா என்ன ஆகியிருக்கும் தெரியுமா? வெள்ளை அணு எவ்வளவு இருக்குன்னே தெரியாம இந்தப் பொண்ணு தின்னுக்கிட்டு இருந்திருக்கு. இது லட்டு இல்லப்பா, மருந்து." கோவிந்த் தலையைக் குனிந்துகொண்டான்.

"சார், என்னுத நிறுத்திட்டு அவனுக்குக் குடுங்க" என்றாள் மாலதி.

"அதெல்லாம் வேணாம் சார். அதுக்கே குடுங்க" என்றான் கோவிந்த்.

"ரெண்டு பேரும் கொஞ்சம் வாய மூடறீங்களா?" என்றார் டாக்டர்.

அவர் மேடத்தைப் பார்த்தார், மேடம் அவரைப் பார்த்தார். அவர்கள் பேசிக்கொண்டது எங்களுக்கு அரைகுறையாகத்தான் விளங்கியது, ஆனால் சாரம் இதுதான். ஒரே தாய் வயிறு, ஒரே சாப்பாடு, ஒரே நோய். மருந்து சாப்பிட்ட வரைக்கும் அண்ணனின் அணுக்கள் பெருத்தன, நிறுத்தியதும் சிறுத்தன. தங்கை தொடங்கியதும் அவளுடையவை பெருத்தன. திருட்டுத்தனமாக நடந்ததுதான், ஆனாலும் மருந்து கேட்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சியை எங்கே தேடுவது? நிறுத்த வந்தவர் அந்த இரண்டு தாள்களையும் மேடத்தையும் கூட்டிக்கொண்டு மேலதிகாரியின் அறைக்கு ஓடினார். மேடம் ஓடியும் நான் அன்றுதான் பார்த்தேன். கடிகாரத்தை டிராயரிலேயே விட்டுவிட்டுப் போனார்.

அவர்கள் திரும்பி வரும்வரை அண்ணனும் தங்கையும் லேப் பெஞ்சில் ஆளுக்கு ஒரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் டீ வாங்கி வந்து கொடுத்தேன். இருவரும் ஒரே சமயத்தில் தங்கள் டம்ளரை மற்றவர் பக்கம் நகர்த்தினார்கள். அதற்கப்புறம் சிரிக்காமல் என்ன செய்வது.

மேலதிகாரி கையெழுத்தோடு இரண்டு பெயரில் இரண்டு மருந்துச் சீட்டு வந்தது. அவரவர் பங்கு அவரவருக்கு. மாலதியின் வெள்ளை அணுக்கள் நல்லவேளையாக அளவாகத்தான் இருந்தன. கல்யாணம், குழந்தை என்று பேச்சு வந்தால் முன்கூட்டியே சொல்ல வேண்டும், அப்போது மருந்தை நிறுத்த வேண்டும் என்று டாக்டர் அவளிடம் கண்டிப்பாகச் சொன்னார். உட்கார்ந்து செய்கிற வேலையைத் தாராளமாகச் செய்யலாம், தண்ணீர் மட்டும் நிறையக் குடிக்க வேண்டும் என்று கம்பெனிக்கு அவரே எழுதியும் கொடுத்தார். மேடம் தன் பங்குக்கு ஒரு சட்டம் போட்டார்: மாத்திரை போடும்போது ஒருவர் வாயை இன்னொருவர் பார்க்க வேண்டும்.

அடுத்த சில மாதங்களில் கோவிந்தின் எண் திரும்ப ஏறியது. ஒரு நாள் இருவர் ஸ்லைடையும் அடுத்தடுத்து வைத்துவிட்டு மேடம் அவனைப் பார்க்கச் சொன்னார். எது யாருடையது என்று அவனுக்குத் தெரியவில்லை. உண்மையில் எங்களுக்கும் பெயர் பார்த்தால்தான் தெரிந்தது. "சில்லுங்கோ கம்மியாய்ட்சி மேடம். எல்லாம் பாலிஷ் போட்ட கல்லு மாரி கீது" என்றான். மாலதி தடா கம்பெனிக்குப் போனாள். கோவிந்த் கல்லை விட்டு ரேணிகுண்டாவில் லாரி ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் சேர்ந்தான். பிறகு மேடம் ஓய்வு பெற்றார், அப்புறம் நானும் பெற்றேன். லேபில் ஒரு எண் வழக்கத்துக்கு மாறாக வந்தால் குப்பியைச் சந்தேகப்படுவதற்கு முன் ஆளிடம் பேசு என்பதை மட்டும் வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.

இதை நினைத்துக்கொண்டே நின்றதில் குழம்பு அடிப்பிடித்துவிட்டது. அடுப்பை அணைக்கும்போது ரேகாவின் போன் திரும்ப வந்தது.

"கேட்டேன்கா. ஹைட்ராக்சியூரியா துன்றாங்களாம். ரொம்ப வருஷமா. அவங்களே, யாரு சொல்லி இதக் கேக்கறேன்னு என்ன மடக்கிட்டாங்க. உங்க பேரச் சொன்னேன். போனக் குடு குடுன்னு நிக்கறாங்க."

போன் கை மாறுகிற சத்தம் கேட்டது. அப்புறம் நன்றாகத் தெரிந்த அந்தத் துடுக்குக் குரல்.

"அக்கா, நான் மாலதி. உங்க லேப் பொண்ணு சாம்பிள் மாறிட்சின்னு பயந்துக்கினு கீது. ஒண்ணும் மாறலன்னு சொல்லுங்க. இது என்னுதுதான்கா. அவனுத அவன் துன்னுட்டான், பாத்துட்டுதான் வந்தேன்."